படலைக்குள் நுழையாத நீதி

எலும்பு முறிவதற்கு இடம், பொருள், ஏவல் என்ற நியதி இல்லை. தார் வீதியில் முறிந்தாலும் தென்னந்தோட்டத்து மணல்வழியில் முறிந்தாலும் வலி ஒன்றே. அதனால் அணைந்துபோகும் அடுப்பும் ஒன்றே. ஆயினும், முறிந்த எலும்புக்கு ஈடு சொல்ல வரும் சட்டம் முதலில் கேட்கும் கேள்வி, “எந்த இடத்தில் முறிந்தது?” என்பதேயாகும். பொதுவீதியில் முறிந்ததெனில் காப்புறுதி உண்டு. பொலிஸ் அறிக்கை உண்டு. ஆண்டிறுதிக் கணக்கில் ஓர் இடமும் உண்டு. படலைக்கு உள்ளே முறிந்ததெனில், அது முதலாளியின் தயவுக்கும் தொழிலாளியின் தலைவிதிக்கும் இடையே தீர்க்கப்படவேண்டிய ‘வீட்டு விஷயம்’ ஆகிவிடுகிறது. இந்த அநீதியைப் பற்றியே நாம் இங்கு பேசப் புகுகிறோம்.

சிலாபத்தைச் சுற்றியுள்ள நிலம் இத்தகைய படலைகள் நிறைந்த நிலம். குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய மாவட்டங்களை இணைத்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். தென்னையை ஆராய்வதற்கென 1929ஆம் ஆண்டிலேயே அமைப்பு ஒன்று தோன்றியதும் இம்முக்கோணத்திலுள்ள லுணுவிலவை இருப்பிடமாகக் கொண்டதும் நமது மாணவர் அறிந்த செய்தி. தெற்கே தோட்டங்கள், வடக்கே உடப்பு, முந்தல் என்று செல்லச் செல்லக் களப்போரத்து இறால் பண்ணைகள், இடையிடையே கொப்பரைக் களங்கள், தும்பு ஆலைகள், செங்கற்சூளைகள். இவற்றுள் ஓடும் வழிகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் அவை நமது பொதுவீதிகளுக்குச் சளைத்தவையல்ல. அவ்வழிகளிலே லொறி ஓடுகிறது. உழவு இயந்திரம் ஓடுகிறது. ‘லேண்ட்மாஸ்டர்’ என்று நம்மவர் அழைக்கும் இருசில்லுக் கைட்ராக்டர் ஓடுகிறது. அவற்றின் பின்னே ஒரு பெட்டி. காலையில் அப்பெட்டி ஆட்களை ஏற்றிச் செல்கிறது. பகலில் தேங்காயை ஏற்றுகிறது. மாலையில் தேங்காயின் மேலேயே ஆட்களையும் ஏற்றித் திரும்புகிறது.

ஆண்டுக்கு ஆறு பறிப்பு. ஒவ்வொரு பறிப்பிலும் தேங்காய் எண்ணப்படுகிறது. மரத்தடியில் எண்ணுகிறார்கள், பெட்டியில் ஏற்றும்போது எண்ணுகிறார்கள், களத்தில் இறக்கும்போது மீண்டும் எண்ணுகிறார்கள். ஒரு காய் குறைந்தால் கங்காணிக்குக் கேள்வி உண்டு. அக்காய்களின் மேல் அமர்ந்து வருகின்ற பெண்கள் எத்தனை பேர், பள்ளி விடுமுறையில் தாயோடு வருகின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவார் எவருமில்லை. சரக்குக்குக் கணக்கு உண்டு. சரக்கின் மேல் அமர்ந்த மனிதனுக்குக் கணக்கில்லை. நமது சமுதாய அமைப்பின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத எவராலும் இயலாது.

“தோட்டத்துக்குள் என்ன பெரிய வேகம்? ஆமை வேகத்தில் ஓடும் வண்டியில் அடிபட்டால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனே விடை கூறிவிடுவான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு தென்னை மரத்தில் மோதி நின்றால், பிடிமானமின்றி அதில் இருப்பவனுடைய உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அவ்வேகம், ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும்போது உண்டாகும் வேகத்துக்குச் சமம். வேகம் 40 கிலோமீட்டரானால் அந்த உயரம் இருமடங்காவதில்லை, நான்மடங்காகிறது. அதாவது 6 மீட்டருக்கும் மேல். காரில் செல்பவனுக்கு இருக்கை உண்டு, இடைவார் உண்டு. பெட்டியில் செல்பவளுக்கு உள்ளவை ஒரு பலகையும், பக்கத்திலிருப்பவளின் தோளும், எதிரே ஒரு மண்வெட்டியின் அலகுந்தான்.

மேலும், இவ்வழிகளின் இயல்பையும் கருத வேண்டும். தோட்டத்தில் ஈரத்தைக் காப்பதற்காகப் பொச்சுமட்டை புதைத்த குழிகள் உண்டு. நீர் வடிவதற்குக் கான்கள் உண்டு. மணலில் சில்லு புதையும். பண்ணையிலோ, இரு குளங்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க களிமண் வரம்பு. மழை பெய்தால் அது வழுக்குப்பாறை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால், ஒன்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். பெட்டி கொளுவிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது பழகிய கைக்கும் கடினம். வண்டியையும் பெட்டியையும் இணைப்பது ஓர் ஆணி. பெட்டிக்குத் தனித் தடுப்பு இல்லையெனில், சரிவில் இறங்கும்போது பாரம் முழுவதும் வண்டியைப் பின்னிருந்து தள்ளும். வண்டி ஒரு பக்கம் திரும்ப, பெட்டி மறுபக்கம் சாயும். இவை கண்காணாத விதியின் விளையாட்டல்ல. பௌதிக நூல் படித்த எவரும் முன்கூட்டியே சொல்லத்தக்க விளைவுகள். முன்கூட்டியே சொல்லத்தக்க ஒன்றைத் தடுக்காதிருப்பதற்கு ‘விபத்து’ என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் துரோகமாகும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். மூன்றாந் தரப்பாருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதி செய்யாமல் எவரும் வாகனத்தை வீதியில் ஓட்டலாகாது என்று அது விதித்தது. நல்ல விதி. ஆனால் அதன் உயிர்நாடி ‘வீதியில்’ என்ற ஒரு சொல்லில் கட்டுண்டு கிடக்கிறது. வீதி என்பது பொதுமக்களுக்கு வழியுரிமையோ செல்வதற்கு அனுமதியோ உள்ள இடம். ஆகவே, பெட்டி வீதியோரத்தில் கவிழ்ந்தால் அதிலிருந்தவள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறாள். அதே பெட்டி படலையைக் கடந்து பத்து முழம் உள்ளே சென்று கவிழ்ந்தால், அவ்விடம் பொதுமக்கள் செல்லத்தக்க இடமா, அன்றா என்ற வாதம் எழுகிறது. காயத்தின் ஆழத்தை விட்டுவிட்டு நிலத்தின் உறுதியைப் படிக்கத் தொடங்குகிறார்கள். ஓர் ஏழைப் பெண்ணின் இடுப்பெலும்புக்கு ஈடு உண்டா என்பதை, அவள் ஒருபோதும் சொந்தங் கொண்டாடியிராத ஒரு காணியின் எல்லைக்கல் தீர்மானிக்கிறது!

“சட்டமே இல்லை என்று சொல்லலாமா?” என்று நமது சட்ட நண்பர்கள் குறுக்கிடலாம். நாம் அவ்வாறு சொல்லவில்லை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தவனைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டக்கோவை படலையோடு நின்றுவிடுவதில்லை. உரோம-டச்சுச் சட்டத்தின்படி நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கும் உரிமையும் எல்லோர்க்கும் உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்குச் செல்லும் பயணத்தையும் அதன் நிழலுக்குள் கொண்டுவந்தது. இவையெல்லாம் போராடிப் பெற்ற பயன்கள். இவற்றை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை.

ஆனால் உரிமை வேறு. உரிமை கைக்கு எட்டுவது வேறு. படுக்கையில் கிடப்பவள் எந்தப் பணத்தைக் கொண்டு வழக்காடுவாள்? வழக்கில் வென்றாலும், கடனில் வண்டி வாங்கிய ஒப்பந்தக்காரனிடமிருந்து எதனைப் பெறுவாள்? தொழிலாளர் சட்டம் தொழிலாளியைக் காக்கும். ஆனால் இன்று காய் பறிப்பவரும் மட்டை உரிப்பவரும் நாளுக்கொரு தோட்டம் செல்லும் நாட்கூலிகள். “இவள் என் ஆளல்ல, ஒப்பந்தக்காரனின் ஆள்” என்பார் தோட்டக்காரர். “நான் வெறும் தரகன்” என்பார் ஒப்பந்தக்காரர். தாயோடு பெட்டியில் ஏறிய பிள்ளையோ எவருடைய ஆளுமல்ல. கட்டாயக் காப்புறுதியின் மேன்மை இதுதான்: குற்றவாளியின் மடிச்சீலையைப் பார்த்துக் காயப்பட்டவன் ஏங்கவேண்டிய நிலையை அது ஒழித்தது. அந்த மேன்மையைப் படலைக்கு வெளியே நிறுத்திவைப்பது எந்த நியாயம்?

கணக்கின் கதையும் இதுவே. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள். அதனைப் பத்திரிகைகள் எழுதுகின்றன, அமைச்சர்கள் பேசுகிறார்கள். படலைக்குள் விழுந்தவர்களின் தொகை எந்த மேடையிலும் ஒலிப்பதில்லை. எண்ணுவதற்கு வழியில்லாமலா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், பொதுவீதிக்குப் புறம்பாக நிகழும் வாகன விபத்துகளைத் தனியே பிரித்துக் காட்டியது. விவசாய வாகனத்தின் பயணி அவ்வாறு காயமடைந்தால் அதற்கு ‘வி 84.6’ என்று ஒரு குறியீடு. வண்டியின் வெளிப்புறத்தில் தொற்றிக்கொண்டு சென்றவர் காயமடைந்தால் ‘வி 84.7’ என்று மற்றொன்று. ஏர்க்காலில் நின்றபடி வரும் நமது இளைஞனுக்கும் உலகம் ஓர் எண்ணை ஒதுக்கிவைத்தது. அந்த எண்ணை நிரப்பவேண்டியவர் ஆசுபத்திரிப் படுக்கைச் சீட்டில் “விழுந்து காயம்” என்று எழுதிவிட்டால், வண்டியும் மறைந்தது, வண்டிக்காரனும் மறைந்தான். கீழே விழுந்தவன் தானாகவே விழுந்தவன் ஆனான்.

படலைக்குள் நிகழும் துயரத்துக்கு நாட்டின் கண் ஒருபோதும் நனைவதில்லை என்பதற்கில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த ‘பொக்ஸ் ஹில்’ காரோட்டப் போட்டியில் ஒரு கார் தடம்புரண்டு பார்வையாளர் நடுவே பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட எழுவர் மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அதுவும் பொதுவீதி அன்று. ஆயினும் நாடே அழுதது, விசாரணை பிறந்தது. அழவேண்டியதுதான். ஆனால் அங்கே ஆயிரம் கண்கள் இருந்தன; ஒளிப்படக் கருவிகள் இருந்தன. இறால் பண்ணையின் வரம்பில் கண்கள் இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் சாகிறவனுக்காக அழுவதற்குச் சட்டம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உலகின் பிற மூலைகளில் இக்கேள்வி எவ்வாறு எழுந்தது என்று காண்பது பயன்தரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சுவாலார் என்ற ஊர். 1963 செப்டெம்பர் 17ஆம் திகதி, மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட வயல் தொழிலாளர், நாள் முழுதும் உழைத்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஏறியிருந்தது பஸ் அன்று. தட்டையான லொறியொன்றில் நீளவாக்கில் வாங்குகளை அடித்து, மேலே கூரை போட்ட ஒன்று. எச்சரிக்கை அடையாளமற்ற புகையிரதக் கடவையொன்றில் சரக்கு இரயில் அதனை மோதியது. 32 பேர் மாண்டனர். குற்றம் யார் மேல் சுமத்தப்பட்டது? அதே தொழிலாளர் கூட்டத்தைச் சேர்ந்த ஓட்டுநர் மேல். நீதிமன்றம் அவரை விடுவித்தது. மனிதரைச் சரக்குபோல் ஏற்றிய அமைப்பின் மேல் மக்களின் சினம் திரும்பியது. அந்த ஒப்பந்தக் கூலி முறை 1964ஆம் ஆண்டோடு முடிவுற்றது. தோட்டங்களை ஊடறுத்துப் புத்தளத்துக்குச் செல்லும் நமது இருப்புப்பாதையை நாளும் பெட்டிகளில் கடந்துசெல்லும் மக்கள் இக்கதையை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் படலைக்குள் நுழைந்த வரலாறும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஸ்லோவீனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில், வைக்கோற்கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னோக்கி வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி ஓர் ஏணியை இடித்தது. ஏணியில் நின்றவர் விழுந்தார். முற்றம் வீதியல்லவே, இயந்திரம் அங்கே போக்குவரத்து வாகனமல்லவே என்று காப்புறுதிக்காரர் வாதித்தனர். 2014 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வாகனத்தை அதன் இயல்பான தொழிலுக்குப் பயன்படுத்தும் எந்தப் பயன்பாடும் கட்டாயக் காப்புறுதிக்குள் அடங்கும் என்று தீர்த்தது. நிலம் எவருடையது என்பது பொருட்டன்று, வாகனம் என்ன செய்தது என்பதே பொருட்டு என்ற கொள்கை அங்கே உயிர்பெற்றது. 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை அதனை எழுத்தில் பொறித்தது.

இங்கிலாந்தோ எதிர்த்திசையில் நடந்தது. கார்த் தரிப்பிடம் வீதியல்ல என்று அந்நாட்டுப் பிரபுக்கள் சபை 1998ஆம் ஆண்டில் தீர்த்தபோது, வெட்கி, 2000ஆம் ஆண்டில் ‘வீதி அல்லது வேறு பொது இடம்’ என்று சட்டத்தை விரித்தார்கள். ஆனால் தனியார் நிலத்துக்கும் காப்புறுதி என்றதும், ஓட்டுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டி, 2022ஆம் ஆண்டில் அந்த ஐரோப்பியக் கொள்கையைத் தமது சட்டத்திலிருந்து களைந்தெறிந்தார்கள். நமது வாகனச் சட்டத்தின் கருவும் அவர்களிடமிருந்து வந்ததே. கொடுத்தவர்கள் அஞ்சி நின்ற இடத்தில் பெற்றவர்களும் அஞ்சி நிற்க வேண்டுமா?

அண்டை நாடான இந்தியாவில், பொதுமக்கள் செல்லும் தனியார் இடமும், அந்தச் செலவு கட்டுப்படுத்தப்பட்டிருப்பினும், காப்புறுதியைப் பொறுத்தவரை ‘பொது இடமே’ என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் 1988ஆம் ஆண்டில் கூறியது. செங்கற்சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற உழவு இயந்திரப் பெட்டியில் நசுங்கிய தொழிலாளி ஒருவரின் வழக்கு 2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. காப்புறுதிப் பத்திரத்தின் எழுத்துப்படி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆயினும் அவருடைய வறுமையையும் ஊனத்தையும் கருதி, தனது சிறப்பதிகாரத்தைக் கையாண்டு, முதலில் நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும், பின்னர் உரிமையாளரிடம் அறவிடட்டும் என்று ஆணையிட்டது. இது கருணை, கருணையை நாம் வணங்குகிறோம். ஆனால் உச்ச நீதிமன்றம் வரை சென்றவனுக்கு மட்டும் கிட்டும் கருணையைச் சட்டம் என்று அழைக்க இயலாது.

நம்மிடையே எழும் ஆட்சேபங்கள் சில உண்டு. அவர்கள் தம் விருப்பப்படியே பெட்டியில் ஏறுகிறார்கள் என்பது முதலாவது. நான்கு கட்டை தூரம் வெயிலில் நடந்து, பிந்தி வந்து அரைநாட் கூலியை இழப்பதா, பெட்டியில் ஏறுவதா என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவதற்கு விருப்பம் என்று பெயரா? தனியார் நிலத்தில் அரசு தலையிடலாகாது என்பது இரண்டாவது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தென்னந்தோட்டத்துக்கு 50 ஏக்கர் என்று வரம்பு கட்டியபோது, அதே நிலத்தினுள் அரசு நுழைந்து அளக்கவில்லையா? நிலத்தை அளக்க நுழையத் தெரிந்த அரசுக்கு உயிரைக் காக்க நுழையத் தெரியாதா? மூன்றாவது, சிறு விவசாயி தவணைப்பணத்தால் நசிவான் என்பது. இதில் நியாயம் உண்டு. நாம் சிறு விவசாயியின் பகைவரல்லர். ஆனால், ஒரே ஒரு விபத்தின் நட்டஈடு அவனை முற்றாக அழித்துவிடும். பலரிடையே பகிரப்பட்ட சிறு தவணையோ அவனையும் சேர்த்துக் காக்கும். தவணையை அவனால் தாங்க முடியாதெனில், உரத்துக்கு மானியம் தரத் தெரிந்த அரசு இதற்கும் தரட்டும்.

எல்லாளனின் கதையை நமது பாலர் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். மன்னன் மகனின் தேர்ச்சில்லில் ஒரு கன்று மாண்டது. தாய்ப்பசு மணியை இழுத்தது. மன்னன் நீதி வழங்கினான். மகாவம்சம் தன் பகைவனைப் பற்றியும் இதைச் சொல்லிப் புகழ்கிறது. சோழ நாட்டுத் தமிழரும் மனுநீதி கண்ட சோழன் மேல் இதே கதையை ஏற்றிப் போற்றுகின்றனர். சிங்களவரும் தமிழரும் ஒருசேர மதிக்கும் நீதி இது. அந்த மன்னன் மணியோசை கேட்டபோது, “கன்று படுத்திருந்த நிலம் எவருடையது? அங்கே பொதுமக்களுக்கு வழியுரிமை உண்டா?” என்று கேட்டதாக எந்த நூலும் கூறவில்லை. ஓர் உயிர் சில்லில் அகப்பட்டது. அதுவே அவனுக்குப் போதுமானதாயிருந்தது.

ஆகவே நாம் கேட்பவை பெரிய அதிசயங்களல்ல. கட்டாயக் காப்புறுதி வீதியைப் பின்தொடராமல் வாகனத்தைப் பின்தொடரட்டும். சில்லு எங்கே உருள்கிறதோ அங்கே பாதுகாப்பும் உருளட்டும். ஆள் ஏற்றும் பெட்டிக்கு இருக்கையும் கைப்பிடியும் தடுப்பும் கட்டாயமாகட்டும். அவை இல்லாத பெட்டியில் தேங்காய் மட்டும் போகட்டும். படலைக்குள் நிகழும் ஒவ்வொரு வாகனக் காயமும் ஆசுபத்திரிச் சீட்டில் அதற்குரிய பெயரோடு பதியப்பட்டு, வீதி விபத்துக் கணக்குக்கு அருகே ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும். தொழில் திணைக்களத்தின் பரிசோதகர் சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பதோடு பெட்டியின் ஆணியையும் பார்க்கட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வரவுப் பதிவேட்டில் ஒரு பெயர் தொடர்ந்து வெறுமையாகும்போது, அப்பிள்ளை வீட்டில் கிடக்கும் தாய்க்குச் சோறாக்குகிறதா, தாய்க்குப் பதிலாகப் பெட்டியில் ஏறிவிட்டதா என்று விசாரிக்க நமக்குக் கால்கள் உண்டு. படிவத்தை நிரப்பத் தெரியாதவளுக்கு நிரப்பிக் கொடுக்க நமக்குக் கைகள் உண்டு. “விழுந்து காயம்” என்ற சொற்றொடரில் எழுவாய் மறைந்திருப்பதை எடுத்துக்காட்டுவதற்கு இலக்கணம் கற்ற நம்மைவிடத் தகுந்தவர் யார்? மறைந்த அந்த எழுவாயை வெளிக்கொணரும் வரை நமது இலக்கணப் பாடம் முற்றுப்பெறாது.